ஒச்சப்பன் சிம்னியை உயர்த்திய விதம்

மேலப்பூலாங்குளத்தில் ஒரு அரிசி ஆலை உண்டு. அந்த ஆலையில் நெல் அவிக்க ஒரு விறகு பாய்லர் உண்டு. அந்த பாய்லரைக் கட்டி மேய்க்க மூன்று அறிவாளிகள் உண்டு. ஊரில் மிச்சமிருந்தவர்களுக்குப் பங்கு போட அறிவு போதவில்லை என்றால் அதற்கு இந்த மூவர்தான் பொறுப்பு.

மூவரில் மூத்தவர் மேஸ்திரி ஒச்சப்பன். யோசனை வந்தால் மீசையைத் தடவுவார். அவர் கை மீசைக்குப் போனாலே விறகு தள்ளுகிற மொக்கைச்சாமியும் நெல் அள்ளுகிற பவுன்ராசும் செய்த வேலையைப் போட்டுவிட்டு வாயைப் பிளந்து நிற்பார்கள். அதனால் ஆலையில் வேலை நடந்த நேரம் குறைவு.

மேஸ்திரி பட்டம் அவருக்குப் போன பொங்கலுக்குத்தான் கிடைத்தது. அது கைவிட்டுப் போனால் மச்சினன் டீக்கடையில் கிளாஸ் கழுவ இடம் காலியாக இருக்கிறது என்று அவர் மனைவி தங்கமாயி அடிக்கடி ஞாபகப்படுத்துவாள். மச்சினனிடம் போய் நிற்பதற்குப் பதில் பாய்லருக்குள் இறங்கிக் கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்பது ஒச்சப்பனின் எண்ணம்.

இப்படியிருக்க, காய்கிற துணியெல்லாம் கரிப்பிடித் துணியாகிறது என்று பக்கத்துத் தெருப் பெண்கள் புகார் கொடுத்துவிட்டார்கள். புகையைச் சோதிக்க ஒரு அதிகாரி அம்மா ஜீப்பில் வந்து இறங்கினார். சிம்னியை அண்ணாந்து பார்த்தார்.

"மேஸ்திரி, முதல்ல ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுங்க. வெள்ளிக்கிழமை வருவேன். இந்தச் சிம்னியிலிருந்து கரும்புகை வரக் கூடாது. வந்துச்சுன்னா பாய்லருக்கு சீல் வச்சிருவேன்."

முதலாளி அப்போது மகள் பிரசவத்துக்காகச் சென்னையில் இருந்தார். போனில் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "ஒச்சப்பா, அந்தம்மா என்ன சொல்றாங்களோ அதை அப்படியே செய்யி. சீல் விழுந்துச்சு, உன் வேலையும் சேர்ந்து விழுந்துரும்."

மறுநாளே டவுனிலிருந்து ஃபிட்டர் வந்து, பாய்லருக்கும் சிம்னிக்கும் நடுவிலிருக்கும் புகைக்குழாயில் பெரிய ஃபேன் ஒன்றை மாட்டினார். "இது புகையை இழுத்துச் சிம்னி வழியா மேல தள்ளும். அடுப்புக்குக் காத்து நல்லாக் கெடைக்கும், விறகு முழுசா எரியும். ஈர விறகை மட்டும் போட்றாதீங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் ஒச்சப்பன் கை மீசைக்குப் போனது.

"ஏப்பா மொக்கை, அந்தம்மா என்ன சொல்லுச்சு?"

"சிம்னியில புகை வரக் கூடாதுன்னுச்சுண்ணே."

"இந்தாளு மாட்டுனது என்ன செய்யுமாம்?"

"புகையைச் சிம்னி வழியாத் தள்ளுமாம்."

மூவரும் ஃபேனை விட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்கள். விஷயம் அவ்வளவு பயங்கரமாக இருந்தது.

"அண்ணே, இவன் எதிர் மில்லுக்காரன் அனுப்புன ஆளா இருப்பானோ?" என்றான் பவுன்ராசு.

"இருப்பானோ என்னடா, அவனேதான். காசையும் வாங்கிக்கிட்டு, டீயையும் குடிச்சுப்புட்டு நமக்கே குழி பறிச்சுட்டுப் போறான் பாரு!" ஒச்சப்பனுக்கு அந்த டீயை நினைக்க நினைக்க ஆத்திரம் பொங்கியது. "எடுறா ஸ்பேனரை. ஃபேனைத் திருப்பி மாட்டுவோம். புகை மேல போறதுக்குப் பதிலா உள்ள வரட்டும்."

திருப்பி மாட்டினார்கள். வேலை சுத்தமாக முடிந்தது. தப்பான காரியம் என்றால் அவர்கள் கை எப்போதும் சுத்தம்.

ஃபேனைப் போட்டதும் சிம்னி வாயில் ஒரு இழை புகை இல்லை. அடுப்பு வாயிலிருந்து மொத்தமும் குபுகுபுவென்று ஆலைக்குள் வந்து இறங்கியது. ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு மூவரும் ஒருவரையொருவர் தடவித் தடவிக் கண்டுபிடித்து வாழ்த்துச் சொல்லிக்கொண்டார்கள்.

"அண்ணே, ஜன்னல் வழியா வெளிய போகுதே?" என்று இருமினான் மொக்கைச்சாமி.

"ஜன்னலைப் பத்தி அந்தம்மா ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லலைதான். ஆனா பாத்துட்டாங்கன்னா?"

அதுவும் நியாயமாகப் பட்டது. ஜன்னல்களைச் சாக்கு வைத்து அடைத்தார்கள். ஈர விறகு ஆகாது என்று ஃபிட்டர் சொன்னதை மட்டும், எதிரி சொன்னாலும் நல்லதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒச்சப்பன் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார். மொக்கைச்சாமியின் வியர்வை விறகில் சொட்டிவிடாமல் இருக்க, பவுன்ராசு அவன் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு கட்டையையும் துடைத்துக் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை அதிகாரி அம்மா வந்தார். சிம்னி பளிச்சென்று நின்றது. அவர் முகமும் மலர்ந்தது. "அடடே, பரவாயில்லையே!" என்றபடி ஆலைக் கதவைத் திறந்தார்.

உள்ளே அடைபட்டிருந்த புகையெல்லாம் அவரை வரவேற்க ஓடி வந்தது. அதன் பின்னால் மூன்று கரிக்கட்டைகள் கைகூப்பியபடி வந்தன. அதிகாரி அம்மாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. பார்த்த ஒச்சப்பனுக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது.

"எங்க உழைப்பைப் பாத்து மேடம் கலங்கிட்டாங்கடா" என்று பவுன்ராசிடம் கிசுகிசுத்தார்.

அதிகாரி அம்மா தண்ணீர் கேட்டுக் குடித்து, முகம் கழுவி, மூச்சு வந்தபிறகு பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. பக்கத்தில் நின்றே ஃபேனை நேராக மாட்டவைத்தார். புகை சிம்னி வழியாக, முன்பைவிட வெளுப்பாகவே, மேலே போனது. அத்தோடு விட்டிருந்தால் கதை சுபமாக முடிந்திருக்கும். ஆனால் அவர் கடமை தவறாதவர். டேப்பை எடுத்துச் சிம்னியை அளந்தார்.

"மேஸ்திரி, புகை தெருவுக்கு எறங்காம இருக்கணும்னா இந்தச் சிம்னி தரையிலிருந்து இன்னும் அஞ்சடி ஒசரமா இருக்கணும். திங்கட்கிழமை வந்து அளப்பேன். ஒரு இஞ்ச் கொறைஞ்சாலும் சீல்தான். இதான் கடைசி."

ஜீப் போனதும் ஒச்சப்பன் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். டீக்கடைக் கிளாஸ்கள் கண்முன்னால் வரிசையாக வந்து நின்றன. மச்சினன் அவரை "மாமா, இதுல லிப்ஸ்டிக் கறை போகலை" என்று கூப்பிடுவதுகூடக் காதில் கேட்டது.

"அஞ்சடி ஏத்தணும்னா கிரேன் வேணும், வெல்டிங்காரன் வேணும். திங்கட்கிழமைக்குள்ள எங்கடா போவேன்?" என்றார்.

"அண்ணே" என்றான் பவுன்ராசு, "அந்தம்மா எங்கேயிருந்து அஞ்சடின்னுச்சு?"

"தரையிலிருந்து."

"அப்ப சிம்னியை ஏன் ஏத்தணும்? தரையை எறக்குனா?"

ஒச்சப்பன் மீசையைத் தடவவில்லை. எழுந்து பவுன்ராசைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இவ்வளவு நாள் இவனை நெல் அள்ள விட்டோமே என்று அவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

"ஏத்துறதுக்குத்தான்டா கிரேன். எறக்குறதுக்கு மம்முட்டி போதும்!"

அந்தச் சிம்னி இரும்புச் சிம்னி. அடிப்பாகம் மண்ணுக்குள் ஆழமாகப் புதைத்து நிறுத்தப்பட்டது. மூவரும் பாய்லரை அணைத்தார்கள். தோண்டுவதற்கு இடைஞ்சலாக இருந்த புகைக்குழாயைக் கழற்றி ஓரமாக வைத்தார்கள். சிம்னியை இழுத்துக் கட்டியிருந்த கம்பிகளும் மம்முட்டிக்குக் குறுக்கே வந்தன. அவற்றையும் அவிழ்த்தார்கள். சுற்றிலும் தோண்டினார்கள். கை கொப்பளித்தும் விடவில்லை. ஆலை வேலைக்கு இப்படி ஒருநாள் உழைத்திருந்தால் முதலாளிக்கு இன்னொரு மில் வந்திருக்கும்.

திங்கட்கிழமை அதிகாரி அம்மா வந்தபோது சிம்னி ஒரு பள்ளத்துக்குள் நின்றது. பள்ளத்தின் ஓரத்தில் மூவரும் குளித்து, விபூதி பூசி, வரிசையாக நின்றார்கள்.

"என்னய்யா இது?" என்றார் அவர்.

"எறங்கி அளங்க மேடம். அஞ்சடி சுத்தமா இருக்கும்" என்றார் ஒச்சப்பன்.

அவர் இறங்கவில்லை. இறங்காததுதான் நல்லதாயிற்று. பிடிக்க மண்ணும் இல்லாமல் கம்பியும் இல்லாமல் நின்ற சிம்னி ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்தது. கொஞ்சம் யோசித்தது. பிறகு ஆளில்லாத நெற்களத்தின் மேல் தடாலென்று முழு நீளத்துக்கும் விழுந்தது.

புழுதி அடங்கியது. அதிகாரி அம்மா பையிலிருந்து சீல் அரக்கை எடுத்தார். மொக்கைச்சாமி அழத் தொடங்கினான்.

ஒச்சப்பன் மட்டும் அசரவில்லை. அதிகாரி அம்மாவின் டேப்பைக் கேட்டு வாங்கினார். விழுந்து கிடந்த சிம்னியின் ஒரு முனையில் பவுன்ராசைப் பிடிக்கச் சொல்லி, மறுமுனைவரை இழுத்துக்கொண்டே போனார். எண்ணைப் பார்த்ததும் அவர் முகத்தில் பெரிய வெளிச்சம் வந்தது. ஓடி வந்து அதிகாரி அம்மாவின் கையில் பேனாவை வைத்தார்.

"மேடம், மண்ணுக்குள்ள இருந்ததும் சேர்ந்து வெளிய வந்துருச்சு. நீங்க கேட்டது அஞ்சடி. நாங்க ஏழடியே ஏத்திட்டோம். கையெழுத்துப் போடுங்க!"