தீராத தினை

“ஒரு முழக் கோல். இன்று அதில் பாதியை வெட்டி எறிகிறேன். நாளை மிச்சத்தில் பாதி. மறுநாள் அந்த மிச்சத்திலும் பாதி. இப்படியே போனால் கோல் என்றைக்குத் தீரும், ஆசானே?”

“தீராது.”

“என்றைக்குமா?”

“என்றைக்கும்.”

கேட்டவன் பெய் ஷுன். லாங்ஹே நகரத்துத் தானியக் களஞ்சியத்தின் அதிகாரி. ஐம்பதைத் தாண்டியவன்.

பதில் சொன்னவர் துவான் ரோங். கணிதம் சொல்லித்தரும் பெண்மணி. பெய் ஷுனுக்கு மகள் இருந்திருந்தால் அவர் வயதுதான் இருக்கும். உருளையான குதிர் ஒன்று எவ்வளவு தானியம் பிடிக்கும் என்று கேட்க ஒருநாள் அவரிடம் போனவன், அன்றே சீடனாகிவிட்டான். நரைத்த தலையோடு ஒருவன் சின்னப் பெண்ணின் முன்னால் மண்டியிட்டு உட்காருவதைப் பார்த்து ஊரே சிரித்தது.

இப்போது சிரிக்க ஊருக்குத் தெம்பில்லை. கோட்டைக்கு வெளியே எதிரிப் படை நின்றது. ஆறு உறைந்து கிடந்தது. உள்ளே ஒரு வண்டிகூட வரவில்லை.

“இதைக் கேட்கவா இந்தப் பனியில் நடந்து வந்தீர்கள்?” என்றார் ஆசிரியை.

“தளபதி கூப்பிட்டு அனுப்பினார். தினை எதுவரைக்கும் வரும் என்று கேட்டார். வசந்தம்வரை வராது. அதைச் சொன்னால் என் தலை இருக்காது.”

“என்ன சொன்னீர்கள்?”

“கோலைச் சொன்னேன்.”

பெய் ஷுன் உற்சாகமாக முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான்.

“அமாவாசையிலிருந்து பௌர்ணமிவரை, இருப்பதில் பாதியை ஊருக்குப் பங்கிடுவேன். பௌர்ணமியிலிருந்து அடுத்த அமாவாசைவரை மிச்சத்தில் பாதி. அதன்பிறகு அதிலும் பாதி. களஞ்சியம் ஒருநாளும் காலியாகாது. தளபதியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! உடனே தெருத்தெருவாக முரசறையச் சொல்லிவிட்டார். லாங்ஹேயின் தினைக்கு முடிவே கிடையாது என்று. ஜனங்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள்.”

“கேட்டேன்.”

“நான் சொன்னதில் பிழை உண்டா?”

“கணக்கில் பிழை இல்லை.”

பெய் ஷுன் தலைவணங்கி எழுந்தான். வாசல்வரை போய்விட்டான்.

“கோலுக்குப் பசிக்காது,” என்றார் ஆசிரியை பின்னாலிருந்து.

ஆசான் விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போனான்.

முதலில் எல்லோருக்கும் நாளுக்கு ஒரு கிண்ணம் கஞ்சி கிடைத்தது. பௌர்ணமிக்குப் பிறகு அரைக் கிண்ணம். அடுத்த அமாவாசைக்குப் பிறகு கிண்ணத்தின் அடிப்பக்கம் மட்டும் நனைந்தது.

நாய்கள் தெருவிலிருந்து காணாமல் போயின. மரங்களில் பட்டை இல்லை. சேணத்துத் தோலை ஊறவைத்துக் கொதிக்கவைத்தார்கள்.

பெய் ஷுன் நேர்மையானவன். தன் பங்குக்கு மேல் ஒரு மணியைத் தொட்டதில்லை. களஞ்சியக் காவலர்களையும் தொடவிட்டதில்லை. யாராவது களஞ்சிய வாசலில் வந்து கத்தினால் உள்ளே கூட்டிப்போய்க் குதிரின் மூடியைத் திறந்து காட்டுவான்.

“பாருங்கள். இருக்கிறது.”

அவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். இருக்கும். திரும்பிப் போவார்கள்.

வடக்கு மதிலை நோக்கி வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. நிலம் கல்லாக இறுகியிருந்ததால் யாரையும் புதைக்க முடியவில்லை. மதிலோரம் அடுக்கிவைத்தார்கள்.

பெய் ஷுனின் மனைவி வென்ஹுய் படுத்த படுக்கையானாள். ஒருநாள் மத்தியானம் அவன் கஞ்சியோடு வந்தபோது கண்ணைத் திறந்தாள்.

“இன்றைக்கு எவ்வளவு?”

“போன தடவையில் பாதி.”

“அடுத்த தடவை?”

“இதில் பாதி.”

“தீராதுதானே?”

“தீராது.”

வென்ஹுய் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பிறகு கேட்டாள்: “அப்படியானால் நாம் எதற்காகக் காத்திருக்கிறோம்?”

பெய் ஷுன் போர்வையை இழுத்துவிட்டு, “தூங்கு,” என்றான்.

விடிந்ததும் பார்த்தான். வென்ஹுய் எழுந்திருக்கவில்லை. தலைமாட்டில் கிண்ணம் அப்படியே இருந்தது. நீராகத் தெளிந்திருந்த கஞ்சியின் அடியில் கொஞ்சம் தினை.

அவன் நின்றபடியே அதைக் குடித்தான். அதன்பிறகுதான் அவள் கண்களை மூடினான்.

துவான் ரோங்கின் வீட்டில் அடுப்பு அணைந்து கிடந்தது. அவருடைய கன்னங்கள் உள்ளே போயிருந்தன. பெய் ஷுன் மண்டியிடவில்லை. வாசலிலேயே நின்றான்.

“தினை தீரவில்லை, ஆசானே. வென்ஹுய் தீர்ந்துவிட்டாள். எங்கே பிழை செய்தேன்?”

“கணக்கில் இல்லை.”

“இதைத்தானே அன்றைக்கும் சொன்னீர்கள்!” என்று கத்தினான். கத்திய களைப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

ஆசிரியை எழுந்தார். கயிற்றின் ஒரு நுனியைத் தரையில் அழுத்திப் பிடித்து, மறுநுனியில் கரித்துண்டைக் கட்டி வட்டம் போட்டார். அதற்குள் அறுகோணம் ஒன்று வரைந்தார். அதன் மூலைகள் வட்டத்தைத் தொட்டன. பக்கங்கள் தொடவில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் வட்டத்துக்கும் நடுவே பிறை போல ஓர் இடம் மிச்சமிருந்தது.

கரித்துண்டை அவனிடம் நீட்டினார்.

“இந்த மிச்சத்தை இல்லாமல் ஆக்குங்கள்.”

இது அவன் ஏற்கனவே படித்த பாடம். மூலைகளை இரண்டு மடங்காக்கினான். பிறைகள் மெலிந்தன. மறுபடி இரண்டு மடங்கு. இன்னும் மெலிந்தன. முழங்கால் வலித்தது. விடவில்லை. ஆத்திரத்தோடு போட்டான். கோடுகள் நெருங்கி நெருங்கி, கடைசியில் கரிக்கோட்டின் தடிமனே பிறையைவிடப் பெரிதாகிவிட்டது. அப்போதும் போட்டான்.

பிறகு கை நின்றது.

“ஏன் நிறுத்தினீர்கள்?”

“முடிந்துவிட்டது.”

“மிச்சம் இல்லையா?”

தரையோடு குனிந்து பார்த்தான்.

“இருக்கிறது. எப்போதும் இருக்கும்.”

“பிறகு எப்படி முடிந்தது என்கிறீர்கள்?”

பெய் ஷுன் வாயைத் திறந்தான். கரி கையிலிருந்து நழுவி விழுந்தது.

“முடிந்தது என்று யாராவது ஒருவர் சொல்லத்தானே வேண்டும்,” என்றான்.

சொன்னது தன் குரல்தானா என்பதுபோல ஆசிரியையைப் பார்த்தான். அவர் வாசலைப் பார்த்தார்.

பெய் ஷுன் வெளியே போனான்.

தளபதி பாசறையில் கோட்டைக் காவலர்களோடு இருந்தார். கவசம் உடம்பில் தொளதொளத்தது.

“தினை தீர்ந்துவிட்டது,” என்றான் பெய் ஷுன்.

தளபதி எழுந்தார். அவனைத் தோளில் பிடித்துத் தள்ளிக்கொண்டு களஞ்சியத்துக்கு நடந்தார். காவலர்கள் பின்னாலேயே வந்தார்கள். தெருவில் இருந்தவர்களில் நடக்க முடிந்தவர்களும் வந்தார்கள்.

குதிரின் மூடியைத் தளபதியே திறந்தார். அடியில், ஒரு விரல் உயரம்கூட இல்லாமல் தினை சிதறிக் கிடந்தது.

“இருக்கிறதே!”

“இருக்கிறது, தளபதி. தீர்ந்துவிட்டது.”

தளபதி வாளை உருவினார்.

பெய் ஷுன் கழுத்தைத் தாழ்த்தினான். பயமாக இருந்தது. வென்ஹுய்யின் கிண்ணத்துக் கஞ்சி இன்னும் வயிற்றில் கிடப்பதுபோலவும் இருந்தது.

வெட்டு விழவில்லை. நிமிர்ந்து பார்த்தான். காவலர்கள் ஒவ்வொருவராகக் குதிருக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுவரை யாரும் அவர்களுக்குத் திறந்து காட்டியதில்லை.

வாயில் காவலின் தலைவன் கடைசியாகப் பார்த்தான். ஈட்டியைச் சுவரில் சாய்த்தான். கோட்டை வாயிலை நோக்கி நடக்க ஆரம்பித்தான். மற்றவர்களும் நடந்தார்கள். யாரும் உத்தரவு கொடுக்கவில்லை.

“நில்லுங்கள்!” என்றார் தளபதி. குரல் எழும்பவில்லை. வாளை ஊன்றிக்கொண்டு அப்படியே குதிரின் மேல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

வாயில் திறந்தது.

வெளியே காத்துக்கிடந்தவர்களுக்கும் கோபம் இருந்தது. குளிர்காலம் முழுவதையும் அவர்கள் கூடாரத்தில் கழித்திருந்தார்கள். தளபதியை மதிலில் தொங்கவிட்டார்கள். தின்ன எதுவுமில்லாத ஊரை இத்தனை காலம் தாங்கவைத்தவன் யார் என்று விசாரித்தார்கள். பெய் ஷுன் கையைத் தூக்கினான். தூக்கிய கையை மணிக்கட்டோடு வெட்டினார்கள்.

செத்த ஊரால் அவர்களுக்கு லாபமில்லை. ஆற்றங்கரையில் பெரிய கொப்பரைகளை ஏற்றிக் கஞ்சி காய்ச்சினார்கள். பலர் அவசரமாகக் குடித்துவிட்டு, கொப்பரைக்குப் பக்கத்திலேயே சுருண்டு விழுந்து செத்தார்கள். மீதிப்பேர் வரிசையில் நின்றார்கள்.

பெய் ஷுனும் நின்றான். வலது கையில் துணி சுற்றியிருந்தது. இடது கையில் கிண்ணம். அவனுக்கு முன்னால் துவான் ரோங் நின்றார்.

“ஆசானே.”

அவர் திரும்பினார்.

“நான் நிறுத்தியது தாமதம்தானே?”

“ஆமாம்.”

வரிசை கொஞ்சம் நகர்ந்தது. இருவரும் நகர்ந்தார்கள்.

“எந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும்?”

ஆசிரியை அவனை உற்றுப் பார்த்தார்.

“இந்த ஊரில் பசியால் முதலில் செத்தது யார்?”

பெய் ஷுன் யோசித்தான். வென்ஹுய்யின் முகம் வந்தது. அவளுக்கு முன்னால் வண்டிகள். வண்டிகள் ஓட ஆரம்பிப்பதற்கு முன்னால் யாரோ ஒருவர். கிழவரா, குழந்தையா. எந்தத் தெரு. ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்த்தான். கொப்பரை பக்கத்தில் வந்துவிட்டது.

“எனக்குத் தெரியாதே,” என்றான்.

“அங்கேதான் நிறுத்தியிருக்க வேண்டும்,” என்றார் ஆசிரியை.