ரிலேக்குள் இருக்கும் பல்லி

அந்தக் காலத்தில் பல்லிக்கு வாய் ஓயாது. காகம் பேசும், நண்டு பேசும், காற்றடித்தால் உப்புத் தண்ணீர்கூட நாலு வார்த்தை பேசும். ஆனால் பல்லியோடு போட்டி போட ஒருவராலும் முடியாது. ஒரு வீட்டுச் சுவரில் பார்த்ததை அடுத்த வீட்டுச் சுவரில் போய் ஒப்பிக்கும். கேட்காவிட்டால் கோபித்துக்கொள்ளும். அப்பேர்ப்பட்ட வாயாடி இப்போது ஒரே ஒரு சத்தத்தோடு ஏன் நிறுத்திக்கொள்கிறது என்று தெரிய வேண்டுமானால், ஓர் உப்பளத்துக்குப் போக வேண்டும். வாருங்கள். செருப்புப் போட்டுக்கொண்டு வாருங்கள், உப்பு காலை அறுக்கும்.

கடலோரத்தில் இருந்தது அந்த உப்பளம். மரம் கிடையாது, நிழல் கிடையாது. உச்சி வெயிலில் பாத்திகள் வெள்ளை வெளேரென்று கிடக்கும், கண்ணைத் திறக்க முடியாது. நடுவில் ஒரு கிணறு. அதன் உவர்நீரைப் பாத்தியில் பாய்ச்சினால்தான் உப்பு விளையும். உப்பு விளைந்தால்தான் அங்கே அடுப்பு எரியும். ஒரு மழைக்காலத்தில் அந்தக் கிணற்றுக்குள் பெரிய மின்னல் ஒன்று விழுந்தது. விழுந்தது திரும்பிப் போகவில்லை, உள்ளேயே தங்கிவிட்டது.

அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் கூப்பிட்டது போலாகிவிடும் என்று பயம். "அது" என்பார்கள், அவ்வளவுதான்.

அது வந்த பிறகு தண்ணீர் கீழே கீழே இறங்கியது. வாளிக்கு எட்டவில்லை, எந்தக் கயிற்றுக்கும் எட்டவில்லை. பாத்திகள் வெடித்துக் கிடந்தன. அப்போதுதான் அது கிணற்றுக்குள்ளிருந்து பேசியது.

"எனக்கு ஒரு செம்புக் கம்பம் நடுங்கள். அதற்குப் பக்கத்தில் தண்ணீர் இறைக்கிற சக்கரம் இருக்கட்டும். நடுவில் ஒரு ஆள் நின்று, ஒரு கையால் கம்பத்தையும் மறு கையால் சக்கரத்தையும் பிடித்தால் போதும். நான் அவர் வழியாக நடந்துபோய்ச் சக்கரத்தைச் சுற்றுவேன். பொழுது சாய்வதற்குள் எல்லாப் பாத்தியும் நிரம்பிவிடும்."

பிடித்தவர் விட முடியாது என்பதை அது சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கேட்காததை அது எதற்குச் சொல்லப்போகிறது!

முதலில் போனவர் சுயம்பு. நல்ல மனிதர், ஊருக்கு ஒன்றென்றால் முன்னால் நிற்பவர். அவர் பிடித்ததும் சக்கரம் கிறுகிறுவென்று ஓடியது, தண்ணீர் பொங்கி வந்தது. எல்லோரும் குலவையிட்டார்கள். அவர் மனைவி வடிவு கஞ்சிக் கலயத்தோடு வந்தாள்.

"இந்தாங்க, ஒரு வாய் குடிச்சுட்டு அப்புறம் பிடிங்க" என்றாள்.

அவர் கண் அவளைப் பார்த்தது. கை வரவில்லை. வாய் மட்டும் லேசாகத் திறந்தபடி இருந்தது. விழவில்லை, அலறவில்லை, நின்றுகொண்டே இருந்தார். வடிவு ஓடிப்போய் இழுக்கப் பார்த்தாள். நாலு பேர் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். பொழுது சாய்ந்து அது தூங்கப்போன பிறகுதான் சுயம்பு கீழே விழுந்தார். உடம்பில் ஒரு காயம்கூட இல்லை.

அந்த வருஷம் உப்பு நன்றாக விளைந்தது. இதைச் சொல்லவே எனக்கு வாய் கூசுகிறது. ஆனால் விளைந்தது. அதனால் ஊர்க்காரர்கள் கூடிப் பேசி, ஒவ்வொரு உப்புக் காலத்துக்கும் ஒரு வீடு என்று முறை வைத்துவிட்டார்கள். அடுத்த முறை பிச்சைக்கனி வீட்டுக்கு வந்தது. அவள் சுயம்புவின் தங்கை. தோணியில் போன அவள் புருஷன் திரும்பவில்லை. வீட்டில் அவள் ஒருத்திதான், அதுவும் நிறைமாதம்.

"மதினி, நான் போய்ப் பிடிச்சா எங்க ரெண்டு பேரையும் சேர்த்துல்லா எடுத்துக்கிடும்?" என்று கேட்டாள்.

"நீ போவாத. நான் இருக்கேன்ல" என்றாள் வடிவு. என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. தைரியத்துக்குச் சொன்னாள்.

இதற்கிடையில் இன்னொன்றும் நடந்தது. உச்சி வேளையில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், கிணற்றிலிருந்து சுயம்புவின் குரல் கேட்க ஆரம்பித்தது. "எளா வடிவு, கஞ்சி கொண்டாந்தியா?" அதே குரல், அதே இழுப்பு. வடிவு காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவந்துவிடுவாள். ஓடிவந்து கதவை மூடிய பிறகு, இன்னொரு தடவை கூப்பிடாதா என்று காத்திருப்பாள். அவளை என்ன சொல்வது, நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

ஒரு நாள் வறண்ட காற்றடித்தது. வடிவு தலைசீவிக்கொண்டிருந்தாள். அப்படிக் காற்றடிக்கும்போது முடி சடசடவென்று பொரியும் அல்லவா? அதுவும் ஒரு மின்னல்தான். கிணற்றில் இருப்பதற்குத் தம்பி, சின்னது, யாரையும் ஒன்றும் செய்யாது. பக்கத்தில் ஒரு இரும்பு முளையில், கம்பம் நட்டபோது மிஞ்சிய செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி வைத்திருந்தாள். கம்பியின் நுனி அவள் முடியில் பட்டது. தரையில் கிடந்த ஊசி எழுந்து போய் அந்த முளையில் ஒட்டிக்கொண்டது.

"ஏ வடிவு! ஊசி தானா நடக்குது! ஐயையோ, ஊசி நடக்குது!" என்று சுவரிலிருந்து பல்லி கத்தியது.

"நான்தான்" என்றது சின்னது. "நான் ஒரு இரும்பைச் சுற்றிச் சுற்றி ஓடினால் அதற்கு ஆசை வந்துவிடும். எதிரில் இருக்கிற இரும்பைத் தன் பக்கம் இழுக்கும். நான் நின்றுவிட்டால் ஆசையும் நின்றுவிடும்."

வடிவு சீப்பைக் கீழே வைத்தாள். "அப்படின்னா கம்பத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவுல மனுசன் எதுக்கு? ஒரு இரும்புத் தகடு போதாதா? நீ இழுத்தா சேரட்டும், நீ விட்டா பிரியட்டும்."

"போதும். ஆனால் நடுவில் சுவர் வை. சுட்ட மண்ணில் வை. நான் இந்தப் பக்கம், அண்ணன் அந்தப் பக்கம். இரும்பின் ஆசை சுவரைத் தாண்டும். நாங்கள் தாண்டக் கூடாது. அண்ணன் கை என்மேல் பட்டால் நான் இல்லை, என்னோடு இருக்கிறவர்களும் இல்லை."

அப்படியே கட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தகடு. அதன் ஒரு முனை கம்பத்தில், மறு முனை சக்கரத்துக்குப் பக்கத்தில் தொட்டும் தொடாமலும். தானாகப் போய் ஒட்டிக்கொள்ளாதபடி பனைமட்டையில் கிழித்த பனஞ்சிம்பு ஒன்றை வில்லாக வளைத்து, தகட்டைப் பின்னால் இழுத்துக் கட்டினாள். இந்தப் பக்கம் செம்பு சுற்றிய முளை. தகடு சேர்ந்ததா பிரிந்ததா என்பது வெளியில் தெரியாது. அதனால் பல்லியைச் சுவரின்மேல் உட்கார வைத்தாள். வாயாடிக்கு வேலை கிடைத்தது.

பிச்சைக்கனி முளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலைசீவினாள். தகடு துள்ளியது.

"சேர்ந்தாச்சு! யாரும் கிட்ட வராதீங்க!" என்றது பல்லி. சக்கரம் ஓடியது. முடியிலிருந்து சீப்பை எடுத்தாள். "பிரிஞ்சாச்சு!" சக்கரம் நின்றது. அதை நிறுத்த முடியும் என்று அன்றைக்குத்தான் அந்த ஊருக்குத் தெரிந்தது. பிச்சைக்கனி வடிவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

 

சில நாள் கழித்து, உச்சி வேளையில் சுயம்புவின் குரல் மறுபடி கேட்டது. இந்தத் தடவை கிணற்றிலிருந்து அல்ல, சுவருக்குப் பின்னாலிருந்து.

"எளா வடிவு. இவ்வளவு பக்கத்துல இருக்கேன். சுவர்ல கை வையேன். உன் கைச் சூடு தெரிஞ்சா போதும்."

சுவர்தானே, சுட்ட மண்தானே என்று நினைத்தாள். பாத்தியில் வேலை செய்துவிட்டு வந்த கை, உவர்நீர் சொட்டும் கை. அதை வைத்தாள். மண்ணுக்குப் பின்னால் யாரோ மூச்சுவிடுகிற மாதிரி இருந்தது. மறுநாளும் வைத்தாள். "இன்னும் கொஞ்சம் மேலே" என்றது குரல். வைத்தாள். "சுவருக்கு மேலே எட்டி இந்தப் பக்கம் கொஞ்சம் தடவு, நான் தொடமாட்டேன்" என்றது. தடவினாள். தொடவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாரே என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

"வடிவு, சுவர் நனையுது" என்றது பல்லி.

"காஞ்சுரும்."

"காஞ்சா உப்பு நிக்குது வடிவு. கோடு மாதிரி நிக்குது. அந்தப் பக்கத்துலேர்ந்து இந்தப் பக்கம் வரைக்கும்."

"சும்மா கெட. எப்பப் பார்த்தாலும் தொணதொணன்னு!"

உப்பளத்துக்காரிக்குக் கையில் உப்பு இருப்பதே தெரியாது. பிறந்ததிலிருந்து இருக்கிறது, அவளுக்கு அது தோல். அவள் மேல் குற்றமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் நினைத்தால் வயிறு எரிகிறது.

ஒரு நாள் கடலிலிருந்து ஈரக் காற்று வந்தது. சுவரில் காய்ந்து கிடந்த உப்புக் கோடு மெல்லக் கசிந்து பளபளத்தது. பிச்சைக்கனி வழக்கம்போல முளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலைசீவினாள், ஈரக் காற்றிலும் முடி லேசாகப் பொரிந்தது. தகடு துள்ளியது. சக்கரம் ஓடியது. அதற்குப் பிறகு அது சக்கரத்தோடு நிற்கவில்லை. ஈரக் கோட்டில் இறங்கி, சுவர் மேலே ஏறி, இந்தப் பக்கம் நடந்து வந்தது. எந்த அவசரமும் இல்லாமல் வந்தது. வழியெல்லாம் சுயம்புவின் குரலில் சிரித்துக்கொண்டே வந்தது.

தூரத்துப் பாத்தியில் நின்ற வடிவு நிமிர்ந்து பார்த்தாள். பிச்சைக்கனியின் முடி முழுவதும் எழுந்து நின்றது. சீப்பு கையோடு ஒட்டியிருந்தது. கண் வடிவைப் பார்த்தது. வாய் லேசாகத் திறந்தபடி இருந்தது.

அந்த வாயை வடிவு முன்பே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். "பாவி, நான்தானே வழி போட்டுக் கொடுத்தேன்!" என்று அலறிக்கொண்டு ஓடினாள். போன தடவை கட்டிப் பிடிக்க நாலு பேர் இருந்தார்கள், இன்றைக்கு ஒருவரும் இல்லை. கையை நீட்டிவிட்டாள்.

"வடிவு, தொடாதே! தொட்டா நீயும் நிப்ப!"

அத்தனை காலத்தில் பல்லி சொன்னதிலேயே உருப்படியான வார்த்தை அதுதான். கடைசி வார்த்தையும் அதுதான். வடிவின் கை நின்ற இடத்தில் நிற்க, பல்லி சுவரில் தலைகீழாக ஓடி, ஈரக் கோட்டின் குறுக்கே படுத்து, நாக்கை நீட்டி அந்த உப்பை நக்கி எடுத்தது. அது முழுக்கப் பல்லியின் நாக்கில் ஏறியது. வால் அறுந்து கீழே விழுந்து துடித்தது. ஆனாலும் பல்லி நக்கிக்கொண்டே இருந்தது. கோட்டின் நடுவில் ஒரு விரல் அகலம் காய்ந்தது. அந்த ஒரு விரலைத் தாண்ட அதற்கு வழி இல்லை.

பிச்சைக்கனியின் கையிலிருந்து சீப்பு விழுந்தது. முளையைச் சுற்றி ஓடிய சின்னது நின்றது, பனஞ்சிம்பு தகட்டைப் பின்னால் இழுத்தது, சக்கரம் ஓய்ந்தது. பிச்சைக்கனி மூச்சை இழுத்து விட்டாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "மதினி, உதைக்குது! பிள்ளை உதைக்குது!" என்று சிரித்து அழுதாள்.

வடிவு பல்லியை உள்ளங்கையில் எடுத்தாள். உயிர் இருந்தது. நாக்கு கருகிக் கட்டையாகியிருந்தது. ஒன்றைக் கேட்காமல் அவளால் இருக்க முடியவில்லை.

"நீ அதைத் தொட்டிருக்க. உள்ள இருக்கிறது யாருன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கும். சொல்லு. அது அவுகளா?"

பல்லி அவளையே பார்த்தது. தொண்டை ஏறி இறங்கியது. எவ்வளவோ சொல்ல வேண்டியிருந்தது அதற்கு.

"டிக்" என்றது.

"ஆமான்னு சொல்றியா? இல்லைன்னு சொல்றியா?"

"டிக்."

வடிவு எழுந்தாள். பல்லி நக்கிக் காயவைத்த அந்த இடத்தில் உளியை வைத்து, அந்தப் பக்கம் வேறு இந்தப் பக்கம் வேறு ஆகும்படி சுவரை மேலிருந்து கீழே வரைக்கும் பிளந்தாள். ஈரம் வந்தாலும் தாண்ட முடியாதபடி வெறும் காற்று மட்டும் நடுவில் நின்றது. பின்னாலிருந்து குரல் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. உளியை நிறுத்தாமல் வெட்டினாள். அழுதுகொண்டேதான் வெட்டினாள்.

அன்று முதல்தான், மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் பூட்டுகிற ரிலே மாட்யூல் என்னும் சுவிட்சுப் பலகையில் சின்ன மின்சாரம் ஒரு பக்கம், பெரிய மின்சாரம் ஒரு பக்கம் என்று இருக்கிறது. நல்ல பலகையாகப் பார்த்து வாங்கினால் இரண்டுக்கும் நடுவில் ஒரு பிளவு வெட்டியிருப்பார்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சின்னது வந்ததும் குட்டி விளக்கு எரியும், உள்ளே தகடு துள்ளும், டிக் என்று கேட்கும். கேட்டால் கிட்டே போகாதீர்கள், ஈரக் கையோடு போகவே போகாதீர்கள். அன்று முதல்தான், சுவரில் பல்லி சத்தமிட்டால் நம் ஆட்கள் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்க்கிறார்கள். வடிவு கேட்டதற்கு இன்றைக்காவது அது பதில் சொல்கிறதா என்று.