துறைமுகத்துக் குழாய்த் தண்ணீர்

“என் அமைச்சரவையில ஒருத்தரையும் நம்ப முடியலை, அம்மா,” என்றார் அதிபர் இளஞ்சேரல்.

ஒரு தீவு நாட்டை ஆள்பவர் அவர். காவலர்களை மலையடியிலேயே நிறுத்திவிட்டு, துறவி விமலையின் மடத்துக்குத் தனியாக ஏறி வந்திருந்தார். உட்காரும் முன் கதவுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்துக்கொண்டார்.

விமலை வயதில் அவரைவிட மிக இளையவர். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“நிதியை நானே எடுத்துக்கிட்டேன். போலீஸையும் எடுத்துக்கிட்டேன். அப்படியும் தூக்கம் வரலை.”

“மத்த அமைச்சர்கள்?”

“நான் வாயைத் திறக்கும் முன்னாடியே தலையாட்டுறாங்க. அதுவே சந்தேகமா இருக்கு.”

“தலையாட்டாதவங்க?”

“ஒரே ஒருத்தர். சுகாதார அமைச்சர் பூங்கோதை.” அவர் குரல் தாழ்ந்தது. “துறைமுகத்துல கொஞ்சப் பேருக்கு வாந்திபேதி. திருவிழா முடியட்டும், அப்புறம் வெளியில சொல்லிக்கலாம்னேன். எல்லாரும் சரின்னாங்க. அந்தம்மா மட்டும் எழுந்து நின்னு, ‘தண்ணியிலதான் கோளாறு, இன்னைக்கே குழாயை மூடணும்’னாங்க. அத்தனை பேர் முன்னாடி! அவங்களை யாரோ தூண்டிவிடுறாங்க.”

“யாரு?”

“அது தெரியாமத்தான் உங்ககிட்ட வந்தேன். சாயங்காலம் அந்தம்மாவைப் பதவியை விட்டுத் தூக்கப்போறேன்.”

“அமைச்சர்கள் உங்களுக்கு எதுக்கு?”

“நான் சொல்றதைச் செய்ய.”

“அவ்வளவுதானா?”

அதிபர் விமலையைச் சந்தேகத்தோடு பார்த்தார். பூங்கோதை தனக்கு முன்னால் இங்கேயும் வந்து பேசிவிட்டுப் போயிருப்பாரோ?

உள்ளே யாரோ பாத்திரங்களை மூட்டை கட்டும் சத்தம் கேட்டது. அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

“மடத்துப் பெண்கள்தான்,” என்றார் விமலை. “திருவிழாவுக்குத் துறைமுகம் போறோம். எல்லாருமே.”

கீரைத்தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு விமலை அதிபரின் முகத்தைப் பார்த்தார்.

“அங்கே குழாய்த் தண்ணி குடிக்கலாமில்ல?”

குடிக்கலாம் என்று சொல்லத்தான் அதிபர் வாயெடுத்தார். காலையில் பத்திரிகைக்காரர்களிடம் கூசாமல் சொன்ன வார்த்தை. இப்போது நாக்கு எழவில்லை.

உள்ளே ஒரு பெண் ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

“குடிக்காதீங்க,” என்றார். “ஒரு சொட்டுகூட வேண்டாம்.”

“யாரை நம்பிச் சொல்றீங்க?”



“பூங்கோதையை.”