கொற்றன் கேட்ட ஒரு வரி

கொன்றைமாநகரை ஆண்ட வில்லவராயனுக்கு இரண்டு பெருமைகள். ஒன்று அவனுடைய மீசை. மற்றொன்று அவனுடைய சடுகுடு அணி. மீசைக்கு எண்ணெய் தடவி முறுக்கிவிட்டவன் நாவிதன். அணிக்காக விழுந்து எழுந்தவர்கள் ஆட்டக்காரர்கள். பெருமை மட்டும் மன்னனுக்கு.

அணியைக் கட்டி மேய்த்தவர் அனந்தராயர். பிறந்தது முதல் ஒரு நாள்கூட மண்ணில் இறங்கி ஆடாதவர். ஆனால் ஆட்டக்காரனோடு ஒப்பந்த ஓலை எழுதுவதில் மகா கெட்டிக்காரர். நாற்பது ஓலை எழுதுவார். எப்போது குளிப்பது, எத்தனை உருண்டை சோறு தின்பது, மன்னர் பார்க்கும்போது எவ்வளவு பல் தெரியச் சிரிப்பது, எல்லாம் அதில் இருக்கும். ராயர் நினைத்தால் ஆட்டக்காரனை எந்த நேரமும் துரத்தலாம். ஆட்டக்காரன் மட்டும் தானாகப் போக முடியாது.

அப்படித்தான் பூதன் என்பவன் ஒன்பது வருடம் ஆடினான். ஊருக்குப் போகிறேன் என்று கேட்டபோதெல்லாம் ஓலையைக் காட்டினார்கள். போன தை மாதம் அவன் முழங்கால் உடைந்தது. அன்று மாலையே கட்டிலோடு தூக்கி வீட்டு வாசலில் போட்டுவிட்டு வந்தார்கள்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் கொற்றன். அணியிலேயே சிறந்த ஆட்டக்காரன். மறுநாள் ராயரிடம் போய், ஓலையில் ஒரே ஒரு வரி சேர்க்கச் சொன்னான். மூன்று வருடம் ஆடி முடித்தால் தன் சொந்தக் காலால் நடந்து வீட்டுக்குப் போகலாம், அவ்வளவுதான். ராயர் முடியாது என்றார். அப்படியானால் ஆட முடியாது என்று அவனும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மூன்று மாதம் இப்படியே போயிற்று.

இந்த லட்சணத்தில், பக்கத்து நாட்டு மன்னன் சேந்தனோடு வில்லவராயன் ஒரு பந்தயம் கட்டிவிட்டான். சடுகுடுவில் தோற்கிற மன்னன் மீசையை மழித்துக்கொள்ள வேண்டும். கட்டிய பிறகுதான் கொற்றன் ஆடாமல் உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்தது.

சபை கூடியது. கொற்றன் ஆடாவிட்டால் சிறை என்றான் மன்னன். ராயர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஓலையின் கடைசி வரியை வாசித்தார். "இதில் எழுதியதற்கு மேல் எதுவும் கேட்கக்கூடாது, செய்யவும் கூடாது."

சபையில் வேடிக்கை பேசவும் கதை சொல்லவும் என்றே மன்னன் வைத்திருந்த இளநாகன் மெல்ல எழுந்தான். ஓலையில் உள்ளதைத் தவிர வேறு எதையும் கொற்றன் செய்யத் தேவையில்லை அல்லவா என்று கேட்டான். இம்மியும் தேவையில்லை என்று மார்தட்டினார் ராயர். மன்னன் அதற்கு முத்திரையும் வைத்தான். இளநாகன் நாற்பது ஓலைகளையும் வாங்கிப் போய்ப் பொறுமையாகப் படித்தான். பிறகு கொற்றனிடம் போய், ஓலையில் உள்ளபடியே ஆடு என்று சொன்னான்.

ஆட்ட நாள் வந்தது. சேந்தன் தன் நாவிதனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். நாவிதன் களத்தின் ஓரத்திலேயே உட்கார்ந்து கத்தி தீட்டத் தொடங்கினான்.

கொற்றன் மூச்சுவிடாமல் பாடிக்கொண்டு எதிரணிக்குள் பாய்ந்தான். மூன்று பேரைத் தொட்டான். துள்ளித் திரும்பினான். நடுக்கோடு ஒரு முழத் தூரத்தில் இருந்தது, தடுக்க ஆளில்லை. அங்கே பாட்டை நிறுத்தாமலே சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

எதிரணிக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நம்மைக் கேலி செய்கிறானோ என்று கொஞ்ச நேரம் முழித்தார்கள். பிறகு ஓடிவந்து பிடித்துக்கொண்டார்கள். தொட்டதெல்லாம் வீண். அடுத்த முறை நான்கு பேரைத் தொட்டான், அதே இடத்தில் அதே சம்மணம். முதல் சுற்று போயிற்று. மூன்று சுற்றில் இரண்டு போனால் மீசை போகும். மன்னனின் கை தானாக மீசையைப் பொத்திக்கொண்டது.

"கூப்பிடு அவனை. என்னடா இது?"

"ராயர் எழுதிய ஓலைப்படிதான் ஆடுகிறேன், மகாராஜா."

இளநாகன் ஓலையைப் பிரித்தான். "கோட்டைத் தாண்டிப் போக வேண்டும் என்று இருக்கிறது. மூச்சுவிடாமல் பாட வேண்டும், எதிரியைத் தொட வேண்டும் என்றும் இருக்கிறது. திரும்பி வர வேண்டும் என்று நாற்பது ஓலையிலும் இல்லை. எழுதாததைச் செய்தால் குற்றம்."

ராயருக்குக் கோபம் தலைக்கேறியது. "உள்ளே போனவன் முழுசாகத் திரும்பி வர வேண்டும் என்பதைக்கூட ஒருவன் எழுதி வைக்க வேண்டுமா? அது இல்லாவிட்டால் ஆட்டமே இல்லையே."

"அந்த ஒரு வரியைத்தான் ஐயா, கொற்றன் மூன்று மாதமாக உங்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறான்" என்றான் இளநாகன்.

மன்னன் ஒரு கையால் மீசையைப் பிடித்தபடியே மறுகையால் எழுத்தாணியை வாங்கி, கொற்றன் கேட்ட வரியைத் தானே எழுதினான். ஆட்டக்களத்தில் அடிபட்டவனை அரண்மனை காக்கும் என்று இன்னொரு வரியும் எழுதினான். பூதனை வைத்தியரிடம் கொண்டுபோக அப்போதே பல்லக்கு போயிற்று. ஓலையைக் கட்டி வைப்பதற்குள் கொற்றன் களத்தில் இருந்தான். அடுத்த இரண்டு சுற்றிலும் போனான், தொட்டான், வந்தான். சேந்தனின் நாவிதன் தீட்டிய கத்தி சேந்தனுக்கே பயன்பட்டது.

மன்னன் வயிறு குலுங்கச் சிரித்தான். இளநாகனைக் கூப்பிட்டு, என்ன வேண்டுமோ கேள் என்றான். இளநாகன் மடியிலிருந்து தன் சொந்த ஒப்பந்த ஓலையை எடுத்து நீட்டினான்.

"இதிலும் அந்த வரியை எழுதுங்கள், மகாராஜா."

"உனக்கா? உன்னை நான் விடவே மாட்டேன்."

"சரி மகாராஜா. கதை சொல்ல வேண்டும் என்றுதான் இதில் இருக்கிறது. முடிக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. நாளையிலிருந்து பாதியில் உட்கார்ந்துவிடுகிறேன்."

மன்னன் மறுபடியும் எழுத்தாணியைக் கேட்டான்.