இரும்பு செரிக்கும் வயிறு

மணலூத்து ஜமீன்தாருக்கு மூன்று நாளாக வயிற்றுவலி. நெய் அல்வாவைத் தொடவே கூடாது என்று வைத்தியர் ஓலை எழுதிக் கொடுத்தார். முந்தின வாரம் புலவர் பாடிக் கொடுத்த ஓலையிலோ, அவருக்கு 'இரும்பையும் செரிக்கும் வயிறு'. ஜமீன்தார் அல்வா கேட்டார். சமையல்காரன் மாசானம் கிண்ட மாட்டேன் என்றான்.

"ரெண்டு ஓலையில எதுடா பொய்? சொல்லலேன்னா அடுப்படிப் பக்கமே வராதே!"

யாரைப் பொய்யர் என்றாலும் வம்பு. மாசானம் கைகட்டிக்கொண்டான்.

"ரெண்டுமே பொய்யில்லை எசமான். புலவர் எழுதினது நீங்க சிரிக்க. வைத்தியர் எழுதினது நீங்க பிழைக்க. சந்தேகம்னா புலவரையே கேளுங்க, எந்த ஓலைப்படி நடக்கணும்னு."

ஜமீன்தார் அருகில் உட்கார்ந்திருந்த புலவர் பக்கம் திரும்பினார்.

புலவர் பதறிவிட்டார். "வைத்தியர் ஓலைப்படியே நடங்க மகாராஜா! நீங்க இருந்தாத்தானே எனக்கு அடுத்த பரிசு!"