சேத்துல நின்னும் புண்ணு வராதவ

ஒரே ஒரு ஊர்ல காத்தாயின்னு ஒரு நடவுக்காரி இருந்தா. சேத்துல நின்னு நின்னு கால்ல சேத்துப்புண்ணு வந்து, விரலிடுக்கெல்லாம் அழுகிப்போச்சு. அரமனை வைத்தியரு பாத்துட்டு, "வெள்ளிக்கெழமைக்குள்ள காலை வெட்டணும்"னுட்டாரு. நடவுக்காரிக்குக் கால் போனா அப்புறம் என்ன இருக்கு? வரப்புல உக்காந்து அழுதா அழுதா, அப்படி அழுதா.

அப்போ பக்கத்துல ஒரு தவளை வந்து உக்காந்துச்சு. அதைப் பாத்ததும் அழுகையை நிறுத்திட்டா. அவ கண்ணு அப்படி, எதையும் சும்மா விடாது. "ஏ தவளையக்கா, ஒரு போகம் சேத்துல நின்ன எனக்குக் கால் அழுகுது, பொறந்ததுலேருந்து நிக்கிற உனக்கு ஒரு புண்ணையும் காணோமே?"ன்னா.

தவளைக்கு வந்துச்சு பாருங்க ஒரு பெருமை! இத்தனை வருசத்துல இதை யாருமே கேட்டதில்லையே. "என் தோல்ல ஒரு பால் ஊறும்டி. கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க வந்து ஒட்டுனா, வயிறு வெடிச்சுச் சாகும்"னு சொல்லிட்டு அவ கால் மேல ஏறி உக்காந்துச்சு. மொத நாளு வலி போச்சு. ரெண்டாம் நாளு நாத்தம் போச்சு. மூணாம் நாளு புண்ணே போச்சு!

அந்த வருசம் மொத உழவுக்குப் பொன்னேரு பூட்ட வயல்ல எறங்குன ராசாவுக்கும் சேத்துப்புண்ணு வந்துச்சு. சிரிக்காதீங்க, சேறு ராசான்னா பயப்படுமா? வைத்தியரு காத்தாயிகிட்ட நைசா விசயத்தைக் கறந்துக்கிட்டு, மூணு கூடை தவளையைக் கொன்னு, தோலை உரிச்சு, காயவச்சு, அரைச்சுப் பூசுனாரு. புண்ணு முழங்கால் வரைக்கும் ஏறிடுச்சு. "அந்த நடவுக்காரி பொய் சொல்லிட்டா ராசா"ன்னு கையை விரிச்சாரு.

"அப்படின்னா அவ காலை வெட்டு"ன்னான் ராசா.

காத்தாயி தலை குனியாம நடந்தே வந்தா. "ராசா, மாட்டைக் கொன்னுட்டு மடியைக் காயவச்சா பால் வருமா? உசுரோட இருந்தாத்தானே ஊறும்!" முந்தானையிலேருந்து தவளையை எடுத்து அவன் கால்ல வச்சா. மூணே நாளு, ராசா எந்திரிச்சு நடந்தான்.

"என்ன வேணும் கேளு"ன்னான்.

"எனக்கென்ன ராசா, ரெண்டு காலும் இருக்கு. இனிமே இந்தச் சீமையில எவனும் தவளை மேல கை வைக்கக்கூடாது"ன்னா. ஊரே அவளைப் பாத்து நெஞ்ச நிமித்திக்கிச்சு.

வைத்தியரை நடவு நட சேத்துல எறக்கிவிட்டாங்க. ஆறாம் நாளே புண்ணு வந்துருச்சு. வரப்பு வரப்பா நொண்டிக்கிட்டு, "வாம்மா தவளை, வா தாயி"ன்னு கெஞ்சுனாரு. அவரு தலையைக் கண்டதும் அத்தனையும் தொப்பு தொப்புன்னு தண்ணியில குதிச்சு ஓடிருச்சுங்க!

தவளை தண்ணிக்குப் போச்சு, காத்தாயி நடவுக்குப் போனா, கதையும் கரையேறிருச்சு, கண்ணை மூடுங்க.