துரை ஓடாத பந்தயம்

திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஆர்டர் கொடுக்க வந்த அமெரிக்கத் துரை சும்மா இருக்கவில்லை. "உலகத்திலேயே பெரிய பொருளாதாரம் எங்களுடையது. உங்கள் நாடு எங்களை முந்துமா? என் வாயை அடைக்கிற மாதிரி யாராவது பதில் சொன்னால்தான் ஆர்டர்" என்றார். மேனேஜர் அதைத் தமிழில் சொன்னார்.

செக்கிங் மேஜையிலிருந்து மயிலாத்தாள் எழுந்தாள். இருபது வருஷமாக அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு பிசிறு நூல் கடல் தாண்டியதில்லை. துரையை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஓடியே பார்த்துரலாமுங்க. எங்க ஊர்ல தைச்சதை மட்டும் கழட்டி வெச்சுட்டு வந்து பந்தயக் கோட்டுல நில்லுங்க."

மேனேஜர் அதை இங்கிலீஷில் சொன்னதும் துரையின் கை காலருக்குப் போனது. பிறகு சட்டென்று இடுப்புக்கு இறங்கியது.

வலது கையால் ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். இடது கை பேன்ட்டை விடவேயில்லை.